மிச்சிகனில் கேட்டார்கள், மலாக்காவில் கேட்கவில்லை



2022 நவம்பர் 19ஆம் தேதி மலேசியாவில் 15ஆவது பொதுத்தேர்தல் நடந்தது. மலாக்காவின் ஆறு நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்று பெரிக்காத்தான் நேஷனலுக்கும் மூன்று பக்காத்தான் ஹராப்பானுக்கும் போயின. ஓராண்டுக்கு முன்புதான் இதே மாநிலத்துச் சட்டமன்றத்தில் 28 இடங்களில் 21ஐ அள்ளியிருந்த தேசிய முன்னணிக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், வாக்களிப்பு முடிந்து பத்தாம் நாளான நவம்பர் 29ஆம் தேதி, சிபிடிபிபி என்று சுருக்கி அழைக்கப்படும் பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தம் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கம் அதற்கு இறுதி ஒப்புதல் கொடுத்தது செப்டம்பர் 30. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது அக்டோபர் 10. தேர்தலுக்கு முன்னும் பின்னும் இப்படி ஒட்டி உரசிக்கொண்டு வந்த ஓர் ஒப்பந்தம், தேர்தல் மேடைகளில் தலைகாட்டியது மிக அரிது. விலைவாசி பேசப்பட்டது, கட்சித் தாவல் பேசப்பட்டது, நீதிமன்ற வழக்குகள் பேசப்பட்டன. ஒப்புதல் நடந்தபோது அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சராக இருந்த அஸ்மின் அலி, கோம்பாக் தொகுதியில் தோற்றார். ஆனால் கோம்பாக்கில் அவருக்கு எதிராக ஊதப்பட்ட சங்கு 2020ஆம் ஆண்டில் பக்காத்தான் ஆட்சியைக் கவிழ்த்த கட்சித் தாவலான ஷெரட்டன் நகர்வு. சிபிடிபிபியை யாரும் அங்கே இழுக்கவில்லை.

வாணிப ஒப்பந்தம்பற்றி ஒரு வேட்பாளர் எடுக்கும் நிலைப்பாடு, அவரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் வாக்காளரிடம் என்ன வேலை செய்கிறது என்பதுதான் இன்றைய பொருள். மலாக்காவின் தெங்கேராவில் பேச வேண்டிய பேச்சா இது என்று சிலருக்குத் தோன்றலாம். மலேசியாவில் கட்சி வேட்பாளரை வாக்காளர் தேர்ந்தெடுப்பதே கிடையாது. தலைமை ஒரு பட்டியல் போடும். யார் பெயர் இருக்கும், யார் பெயர் வெட்டப்படும் என்று கடைசி நாள்வரை தொகுதிக்காரர்களுக்கே தெரியாது. பிறகு ஒரு மேடையில் நியமனக் கடிதம் கொடுப்பார்கள், கைத்தட்டல் எழும், அவ்வளவுதான். அமெரிக்காவில் வழக்கம் வேறு. பொதுத்தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பெரும்பாலான மாநிலங்களில் கட்சி ஆதரவாளர்கள் வாக்குச் சாவடிக்குப் போய், தங்கள் கட்சியின் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று வாக்களிக்கிறார்கள். அதைத்தான் பிரைமரி என்கிறார்கள். அந்த வாக்குக்கும் ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்துக்கும், பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கும் தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு மிச்சிகன் மாநிலத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

2016 மார்ச் 8, மிச்சிகனில் பிரைமரி. கார்த் தொழிலின் தாய்வீடு அது. டெமாக்ரட்டிக் கட்சியில் ஹிலரி கிளிண்டனும் பெர்னி சாண்டர்ஸும் மோதினார்கள். கருத்துக்கணிப்புகள் கிளிண்டனுக்கு ஏறத்தாழ 20 புள்ளி முன்னிலை காட்டின. எண்ணிப் பார்த்தால், ஒன்றரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் சாண்டர்ஸ் வென்றிருந்தார். கணிப்பாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு முந்திய வாரங்களில் சாண்டர்ஸ் விடாமல் தட்டிய முரசு ஒன்றே: நாஃப்டா. மெக்சிகோ, கனடாவோடு அமெரிக்கா செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் சட்டத்தில் 1993இல் கையெழுத்திட்டவர் ஹிலரியின் கணவர் பில் கிளிண்டன். அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து வாக்களித்தவர் சாண்டர்ஸ். புதிதாக வந்துகொண்டிருந்த டிபிபிஏவையும், அதாவது மலேசியாவும் சேர்ந்திருந்த பன்னிரண்டு நாட்டு பசிபிக் ஒப்பந்தத்தையும், அவர் அதே மூச்சில் சாடினார். ஹிலரி கிளிண்டனோ, வெளியுறவு அமைச்சராக இருந்த 2012இல் ஆஸ்திரேலியாவில் பேசும்போது, டிபிபிஏவைத் தங்கத் தரம் என்று புகழ்ந்தவர். 2015 அக்டோபரில் அதை ஆதரிக்கவில்லை என்றார்.

சாவடியைவிட்டு வெளியே வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வெளிநாடுகளோடு நடக்கும் வாணிபம் அமெரிக்காவில் வேலைகளை உண்டாக்குகிறதா, பறிக்கிறதா, அல்லது ஒரு மாற்றமும் இல்லையா? மிச்சிகனில் இரு கட்சி வாக்காளர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பறிக்கிறது என்றார்கள். டெமாக்ரட்டிக் பக்கம் அப்படிச் சொன்னவர்களில் பெரும்பகுதி சாண்டர்ஸுக்கு விழுந்தது. ரிபப்ளிக்கன் பக்கம் அதே நாளில் மிச்சிகனை வென்றவர் டொனால்ட் டிரம்ப். அவருடைய பேச்சிலும் நாஃப்டாவும் டிபிபிஏவும்தான் முதல் எதிரிகள்.

இத்தோடு நிறுத்தினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஒப்பந்தத்தை எதிர்த்தால் வெற்றி, ஆதரித்தால் தோல்வி என்று எழுதிவிடலாம். பல பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஒரே வாரத்தில் ஒஹாயோ அந்தக் கதையைக் கவிழ்த்தது.

மார்ச் 15, ஒஹாயோ. மூடப்பட்ட எஃகாலைகளும் கார் ஆலைகளும் மலிந்த மாநிலம், மிச்சிகனின் பக்கத்து வீடு. அங்கே கிளிண்டன் சாண்டர்ஸைப் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்தினார். ரிபப்ளிக்கன் பக்கம் இன்னும் வேடிக்கை. டிரம்ப்பைத் தோற்கடித்தவர் ஜான் கேசிக். ஒஹாயோவின் ஆளுநர், 1993இல் நாஃப்டாவுக்கு ஆதரவாக வாக்களித்தவர், டிபிபிஏவையும் ஆதரித்தவர். வாணிபத்தால் வேலை போயிற்று என்று மனம் கசந்த ஊரே, வாணிப ஆதரவாளரைத் தூக்கிப் பிடித்தது. ஏனென்றால் அவர் உள்ளூர்க்காரர், நிர்வாகத்தில் நல்ல பெயர், மக்களுக்குப் பழகிய முகம். வாக்காளரின் கணக்கில் ஒப்பந்தம் ஒரு வரி மட்டுமே.

அந்த வரியை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் சுவையான இடம். முப்பது அத்தியாயங்களும் எண்ணற்ற இணைப்புகளும் கொண்ட டிபிபிஏவை எந்த வாக்காளரும் உட்கார்ந்து படித்ததில்லை. எட்வர்ட் மேன்ஸ்ஃபீல்ட், டயானா மட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் வாணிபத்தைப்பற்றிக் கருத்துச் சொல்லும்போது சொந்தச் சம்பளத்தையும் சொந்த வேலையையும் வைத்து அளப்பது குறைவு. நாடு மொத்தத்துக்கும் என்ன ஆகிறது என்ற எண்ணமும், வெளியாரைப்பற்றிய மனப்போக்கும்தான் முந்துகின்றன. அதாவது ஒப்பந்த எதிர்ப்பு என்பது வேட்பாளர் யார் பக்கம் நிற்கிறார் என்பதற்கான அடையாளம். சாண்டர்ஸின் எதிர்ப்பு 1993இலிருந்து மாறாதது, அதனால் அது நம்பப்பட்டது. கிளிண்டனின் எதிர்ப்பு 2015இல் முளைத்தது, அதனால் சந்தேகிக்கப்பட்டது. ஒரே நிலைப்பாடு, இரண்டு விலை.

இன்னொரு பக்கமும் உண்டு, அது கொஞ்சம் சங்கடமானது. பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில், 2015இல் தடையற்ற வாணிப ஒப்பந்தங்கள் நாட்டுக்கு நல்லவை என்ற ரிபப்ளிக்கன் ஆதரவாளர்கள் பாதிக்கு மேல். 2016 மார்ச்சில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கெட்டவை என்றார்கள். ஓராண்டுக்குள் எத்தனை ஆலை மூடியிருக்கும்? மாறியது ஆலைகளின் எண்ணிக்கை அல்ல. டிரம்ப் வந்தார், பேசினார், ஆதரவாளர்கள் அவர் பின்னால் போனார்கள். வேட்பாளரின் நிலைப்பாடு வாக்காளரை ஈர்த்தது என்று சொல்வதில் பாதி உண்மைதான். வேட்பாளரை விரும்பியவர்கள் அவருடைய நிலைப்பாட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள் என்பது மறுபாதி.

எப்படியோ, அந்த பிரைமரிக் காற்றில் டிபிபிஏ அடிபட்டுப் போனது. ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய டெமாக்ரட்டிக் மாநாட்டிலேயே டிபிபிஏ வேண்டாம் என்ற அட்டைகள் கூட்டம் கூட்டமாக உயர்ந்தன. நவம்பரில் மிச்சிகனைப் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கில் பிடித்து டிரம்ப் அதிபரானார். 2017 ஜனவரி 23ஆம் தேதி அமெரிக்கா விலகியது. மிஞ்சிய நாடுகள் சில விதிகளை நிறுத்திவைத்து அதையே சிபிடிபிபி ஆக்கிக்கொண்டன.

இப்போது மலேசியாவுக்குத் திரும்பலாம். 2016 ஜனவரியில், அதாவது மிச்சிகன் வாக்களிப்பதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, டிபிபிஏவுக்காகவே நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. சட்டப்படி அதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அனைத்துலக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசாங்கத்தின் அதிகாரம். ஆனாலும் எதிர்ப்பு வலுத்திருந்ததால் அன்றைய நஜிப் அரசாங்கம் அதை அவைக்குக் கொண்டுவந்தது. வாக்கெடுப்பு 127க்கு 84. பிப்ரவரி 4ஆம் தேதி ஆக்லாந்தில் கையெழுத்து. அந்த 127 பேரில் எத்தனை பேர் தங்கள் தொகுதியில் இதைச் சொல்லி வாக்குக் கேட்டிருப்பார்கள்? எதிர்த்த 84 பேரிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான்.

அந்தச் சிலரில் இருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் கிள்ளான் தொகுதியின் ஜசெக உறுப்பினர் சார்ல்ஸ் சந்தியாகோ. உலகமயமாக்கலைப்பற்றி ஆராய்ந்த பொருளியலாளர், அரசியலுக்கு வருவதற்கு முன்பிருந்தே வாணிப ஒப்பந்தங்களைத் தொடர்ந்து விமர்சித்தவர். மற்றவர் சுங்கை சிப்புட்டின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். மலேசிய சோசலிஸ்ட் கட்சிக்காரர், 2008இல் மஇகா தலைவர் சாமிவேலுவையே வீழ்த்தியவர். மருத்துவர் என்பதால் அவருடைய கவலை மருந்து விலையில் இருந்தது. காப்புரிமை விதிகள் இறுகினால் மலிவு மருந்து தாமதமாகும், அரசு மருத்துவமனைக்குச் செலவு ஏறும் என்று அவர் எளிய மொழியில் சொன்னார். பின்னால் சிபிடிபிபியில் நிறுத்திவைக்கப்பட்ட 22 விதிகளில் மருந்து தொடர்பானவை முக்கிய இடம் பெற்றன என்பதைப் பார்த்தால், அந்தக் கவலை வெறும் கூச்சல் அல்ல என்று விளங்கும்.

இருவருக்கும் என்ன ஆயிற்று? ஜெயக்குமார் 2008இலும் 2013இலும் பிகேஆர் சின்னத்தில் நின்று வென்றார். 2018இல் பிகேஆர் தன் சொந்த வேட்பாளரான கேசவனை அங்கே நிறுத்தியது. ஜெயக்குமார் தம் கட்சிச் சின்னத்தில் நின்று வைப்புத்தொகையை இழந்தார். பத்தாண்டு உழைத்த மனிதருக்கு இப்படியா என்று அப்போது ஆதங்கப்பட்டவர்கள் கட்சி வேறுபாடின்றி இருந்தார்கள். சார்ல்ஸ் சந்தியாகோ மூன்று தவணை இருந்தார். 2022இல் கட்சி கிள்ளானுக்கு கணபதிராவின் பெயரை அறிவித்தது. வாணிப நிலைப்பாட்டால் அவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. தொகுதிப் பங்கீடு, கட்சிக் கணக்கு என்று ஆயிரம் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ கட்சி ஆதரவாளர்கள் வரிசையில் நின்று இவரா, அவரா என்று சொல்லும் வாய்ப்பு இருந்திருந்தால், டிபிபிஏ எதிர்ப்பு அவர்களுக்குக் கைகொடுத்ததா இல்லையா என்று இன்று தெரிந்திருக்கும். அந்தக் கேள்வி யாரிடமும் கேட்கப்படவில்லை. சாண்டர்ஸுக்குக் கிடைத்த சோதனைக்களம் இவர்களுக்கு வாய்க்கவில்லை.

மிச்சிகன்காரர்களின் வாக்கால் மலேசியத் தோட்டத் தொழிலாளி இழந்தது ஒன்றும் உண்டு, அதை எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை. டிபிபிஏவோடு மலேசியாவும் அமெரிக்காவும் தனியாக ஒரு தொழிலாளர் உடன்பாடு செய்திருந்தன. தொழிற்சங்கப் பதிவதிகாரிக்கு இருந்த மிதமிஞ்சிய அதிகாரத்தைக் குறைக்க வேண்டும், அந்நியத் தொழிலாளரின் கடப்பிதழை முதலாளி பிடித்துவைப்பதைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பெரட்டுக் களத்தில் கங்காணியின் குரலுக்குப் பயந்து நின்ற தலைமுறையின் பிள்ளைகளுக்கு, சங்கம் அமைக்கும் உரிமை சின்ன விஷயமா? 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எத்தனை காலம் எதற்கெல்லாம் வாதாடியது! அமெரிக்கா விலகியதும் அந்த உடன்பாடு செல்லாக்காசாயிற்று. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. டிபிபிஏவை முழுக்க நல்லது என்றவர்களும் முழுக்கக் கெட்டது என்றவர்களும் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும்.

மக்களைத் தெருவில் திரட்டினால் வாக்கு மாறுமா என்பதற்குக் கேரளத்தில் ஒரு சான்று இருக்கிறது. 2009 ஆகஸ்டில் இந்தியாவும் ஆசியானும் சரக்கு வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மலேசியச் செம்பனை எண்ணெய் வந்து குவிந்தால் தேங்காய்க்கு விலை விழும் என்று கேரள விவசாயிகள் அஞ்சினார்கள். நம்மூர்த் தோட்டத்துச் சரக்கு அங்கே பூதமாகத் தெரிந்தது. அக்டோபர் 2ஆம் தேதி இடது முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை மனிதச் சங்கிலி நடத்தியது. ஒரு மாநிலத்தின் நெடுக்கும் கைகோத்து நின்ற கூட்டம். நவம்பரில் கண்ணூர், எர்ணாகுளம், ஆலப்புழை என மூன்று சட்டமன்ற இடைத்தேர்தல்கள். மூன்றிலும் காங்கிரஸ் கூட்டணி வென்றது. மூன்றும் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்த இடங்கள்தான் என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு பெரிய சங்கிலி அவற்றில் ஒன்றைக்கூட அசைக்கவில்லை. ஒஹாயோ சொன்னதையே ஆலப்புழையும் சொன்னது.

இன்னும் பழைய கதை ஒன்று மலாக்காவுக்கே சொந்தம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896இல் போட்டது இந்த மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில். கால் நூற்றாண்டில் ரப்பர் பெருகி விலை சரிந்தது. பிரிட்டிஷார் 1922 நவம்பர் 1ஆம் தேதி ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மலாயாவும் இலங்கையும் தங்கள் நிர்ணய உற்பத்தியில் இத்தனை விழுக்காடுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று கட்டு. தொடக்கத்தில் அது 60 விழுக்காடு. தோட்டத்தில் இதன் பொருள் என்னவென்றால், வெட்டு மரம் குறையும், உளி பிடிக்கும் நாளும் குறையும். 1925இல் விலை எகிறியது. உலக ரப்பரில் பெரும்பங்கைத் தின்றுகொண்டிருந்த அமெரிக்கக் கார்க்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பைக் கையில் எடுத்தவர் வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர். பிரிட்டிஷ் ரப்பர்க் கட்டுப்பாட்டை வெளிப்படையாகத் தாக்கினார், டயரை மிச்சப்படுத்துங்கள் என்று நாட்டு மக்களுக்கு அறிவுரை சொன்னார். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனது, ஃபோர்டு அமேசான் காட்டுக்குப் போனது. 1928 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வின் கட்டுப்பாடு முடியும் என்று அறிவித்தார். ஜூனில் ரிபப்ளிக்கன் கட்சி ஹூவரை அதிபர் வேட்பாளராக்கியது. நவம்பர் 1ஆம் தேதி ஸ்டீவன்சன் திட்டம் முடிந்தது. நவம்பர் 6ஆம் தேதி ஹூவர் வென்றார். ரப்பர் அவரை அதிபராக்கவில்லை. ஆனால் அந்நியரின் விலைச் சூழ்ச்சியை எதிர்த்து நின்றவர் என்ற பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்த சரக்குகளில் மலாக்காவின் ரப்பர்ப் பாலும் ஒன்று.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1930 ஜூனில் ஹூவர் ஸ்மூட் ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார், உலக வாணிபம் சுருங்கியது. 1932இல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு ரப்பர் நான்கு காசுக்கும் கீழே போனது. மலாயாவில் தமிழ் ஆண் தொழிலாளிக்கு 50 காசாக இருந்த நாள்கூலி 1930இல் 40 காசாக வெட்டப்பட்டது, பிறகு இன்னும் இறங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டன. எந்தத் தேர்தலிலும் வாக்கில்லாத மக்கள்.

இன்று வாக்கு இருக்கிறது. கட்சிக்குள்ளும் தேர்தல்கள் இருக்கின்றன. பிகேஆர் 2010இல் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற முறையைக் கொண்டுவந்தது. அது பதவிகளுக்கான தேர்தல், வேட்பாளர் தேர்வுக்கானது அல்ல. 2025 மே மாதம் மத்தியத் தலைமைத்துவத்தைப் பேராளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். துணைத்தலைவர் போட்டியில் நூருல் இஸ்ஸா, அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிசி ரம்லியை வென்றார். அதற்கு ஏழு வாரம் முன்புதான் டிரம்ப் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்திருந்தார். பொருளாதார அமைச்சரே களத்தில் நின்ற போட்டியில், பேச்சு பெரும்பாலும் குடும்ப அரசியல், கட்சி நிர்வாகம் என்றே சுழன்றது.

அந்த வரி பிறகு 19 விழுக்காட்டுக்கு வந்தது. 2025 அக்டோபர் 26ஆம் தேதி, ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்கு கோலாலம்பூர் வந்த டிரம்ப்பும் பிரதமர் அன்வாரும் பரஸ்பர வாணிப உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இந்த முறை கையெழுத்துக்கு முன்னால் 127க்கு 84 என்று ஒரு வாக்கெடுப்பும் இல்லை. மூன்றாம் நாட்டுக்கு எதிராக அமெரிக்கா எடுக்கும் நடவடிக்கைகளோடு மலேசியாவும் ஒத்துப்போக வேண்டிவரும் என்ற விதியைக் காட்டி, நாட்டின் இறையாண்மை என்னாவது என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அவை முன்பு 2016இல் ஆளும் அணியில் இருந்தவையா, எதிரணியில் இருந்தவையா என்று பார்க்கப் புகுந்தால் தலை சுற்றும். மலேசியாவின் சார்பில் பேச்சு நடத்திய அமைச்சர் தெங்கு ஸஃப்ருல், 2022 பொதுத்தேர்தலில் கோல சிலாங்கூரில் தோற்று, மேலவை வழியாக அமைச்சரானவர். திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்த மேசையில் அவர் எடுத்த முடிவுக்காக அவரைத் தட்டிக்கொடுக்கவோ தட்டிக்கேட்கவோ ஒரு தொகுதி வாக்காளரும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் அவருடைய மேலவைத் தவணையும் முடிந்தது.

பத்து பெரண்டாமில் 1970களின் தொடக்கத்தில் வந்த ஆலைகள் இன்னும் இயங்குகின்றன. அன்றைய நேஷனல் செமிகண்டக்டர் இன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், அன்றைய சீமென்ஸ் இன்று இன்ஃபினியன். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் மூன்று ஷிப்டில் வேலைக்குப் போன இடங்கள் அவை. சில்லுகளுக்கு அமெரிக்க வரி விலக்கு இருக்குமா, போகுமா என்பது அந்த ஷிப்டைத் தொடும் கேள்வி. செம்பனை எண்ணெய்க்கான விலக்கு ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களைத் தொடும் கேள்வி. மலாக்காவில் எல்லாக் கட்சிகளுக்கும் கிளைகள் உண்டு, கிளைகளுக்கு ஆண்டுக் கூட்டம் உண்டு, கூட்டத்தில் தீர்மானம் முன்மொழியும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. வேட்பாளர் பட்டியல் தலைமையின் மேசைக்குப் போவதற்கு முன், தொகுதிக்குப் பெயர் அடிபடும் மூன்று நான்கு பேரையும் கிளைக்கு அழைத்து, இந்த ஒப்பந்தத்தில் உங்கள் நிலைப்பாடு என்ன, 2016இல் உங்கள் கட்சி என்ன சொன்னது, இன்று என்ன சொல்கிறது என்று கேட்பதை எந்தக் கட்சியின் அமைப்புவிதியும் தடுப்பதாகத் தெரியவில்லை. கட்டவுட் வரை எல்லாவற்றையும் பேசும் கூட்டங்களில் அதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம்.